பூந்தமல்லி வரைக்கும்

அன்பு மகள் மகிமாவுக்கு,

ராயபுரத்திலிருந்து அப்பா சவரிநாதன் சொல்லச் சொல்ல, எதிர்வீட்டு ஜானட் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுதுவது. மாதா புண்ணியத்தில் என் சோற்றை நானே வடித்துக்கொள்ளும் அளவுக்குச் சுகமாக இருக்கிறேன், நீயும் அந்தக் குளிர் நாட்டில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று உன் அம்மா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ சாப்பிட்டியாப்பா என்பாய், நான் சாப்பிட்டேன் என்பேன், அதற்குள் உனக்கு டூட்டிக்கு நேரமாகிவிடும். போன ஞாயிறு நீ சொன்னதற்கும் அப்படித்தான் சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன், வைத்த பிறகுதான் ஒவ்வொன்றாக யோசனை வந்தது.

ஜனவரி லீவில் பெங்களூரில் வந்து இறங்கி, தோஸ்துங்க மூணு பேரோடு அங்கேயே வண்டி வாடகைக்கு எடுத்து, ஒரே நாளில் ஜவ்வாது மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் ரயிலேறி வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்னாய். நீ வேலை செய்யும் ஊரே நம்ம எண்ணூர் மாதிரி தட்டையாகக் கிடக்கிறது, மேடு என்று ஒன்றைப் பார்க்கவே முடியவில்லை என்று முன்பும் சொல்லியிருக்கிறாய். உனக்கு மேட்டின் மேல் சின்ன வயசிலிருந்தே ஆசை. மூணாவது படிக்கும்போது ரயில் ஷெட்டுக்குப் பின்னால் கொட்டியிருந்த கரிக்குவியலில் ஏறி நின்றுகொண்டு கப்பல் தெரியுது கப்பல் தெரியுது என்று கத்தினாயே, நீலப் பாவாடை போட்டிருந்தாய், இடது காதில் தோடு இல்லை, அது அந்தக் கரியில்தான் போனது. உன் அம்மா உன்னைத் தேங்காய் நாரால் தேய்த்த தேய்ப்பில் தெருவே கூடிவிட்டது. எனக்கும் மலை என்றால் பரங்கிமலையும் ஹார்பரில் குவித்த கரிமலையும்தான் தெரியும். அதனால் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், போய்ப் பார்.

ஆனால் வாடகை வண்டி எதற்கம்மா. உன் புல்லட் இங்கே தார்ப்பாய்க்குக் கீழே ராணி மாதிரி நிற்கிறது. பூசை முடிந்து வந்து ஞாயிறு தவறாமல் உதைத்து ஓடவிடுகிறேன். சத்தம் கேட்டதும் இன்னா மகிமா வந்துட்ச்சா என்று யாராவது எட்டிப் பார்ப்பார்கள். இல்லை, நான்தான் என்று சொல்லிவிட்டு, அதைச் சாக்காக வைத்து நாலு வார்த்தை பேசுவேன். உன் அம்மா போன பிறகு இந்த வீட்டுக்கு ஒரு ஆளைக் கூப்பிட்டுத் தருவது அந்த வண்டி ஒன்றுதான். இப்போது அவர்களுக்கும் பழகிவிட்டது, எட்டிப் பார்ப்பதில்லை. நானும் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக ஓடவிட்டுப் பார்க்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று தினமும் சாயங்காலம் வண்டிக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பேன். ஹார்பர் வேலையில் கொக்கி, கம்பி வடம் என்று இரும்பைக் கண்டாலே எண்ணெய் போட்ட கை, சும்மா இருக்குமா. பின் சக்கரத்து நடுவில் துரு மாதிரி தெரிந்தது, அந்த இடுக்கிலும் நிறைய ஊற்றினேன். நீ மலைக்குப் போவதாகச் சொன்னதும் வண்ணாரப்பேட்டை மெக்கானிக் பஷீரை அழைத்து வந்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். தெருமுனையில் பிரேக்கை மிதித்திருக்கிறான், வண்டி நிற்காமல் போய் மீன் விற்கும் ஃப்ளோராவின் கூடையை முட்டிக்கொண்டு நின்றது. அவள் எழுந்து, யோவ் பாயி, சங்கரா மீனு வேணும்னா வாயால கேளுய்யா, வண்டியால இன்னாத்துக்கு கேக்குற என்று போட்ட சத்தத்தில் அன்றைக்கு எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பஷீர் சக்கரத்தைக் கழற்றினான், உள்ளே பிரேக் ஷூ எண்ணெயில் ஊறிக் கிடந்தது. இன்னா நைனா, பிரேக்குக்கே எண்ண தேச்சி குளிப்பாட்டி வச்சிகிற, இதோட மலைல எறங்கினா வண்டி எங்க நிக்கும் சொல்லு என்று கேட்டான். அவன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான், எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. புது ஷூ போட்டாயிற்று, நான் இனி சக்கரத்துப் பக்கம் கையே கொண்டுபோவதில்லை.

பஷீர் போனில் வழி பார்த்தான். பெங்களூரிலிருந்து போனாலும் இங்கேயிருந்து போனாலும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதானாம். அதனால் நீ முதலில் வீட்டுக்கு வா, நம் வாசலிலிருந்து கிளம்பு. தோஸ்துங்களும் இங்கேயே படுத்துக்கொள்ளட்டும், இடம்தான் கிடக்கிறதே, அவர்களுக்கு வண்டி பஷீர் பிடித்துத் தருவான். விடியும் முன்னே கிளம்பிவிட்டால் வேலூர் போய் டிபன் சாப்பிடலாம். போளூரில் பெட்ரோல் நிரப்பிக்கொள், மேலே கிடைக்கும் என்று நம்பிப் போகாதே. வளைவுகளில் ஹாரன் அடி, இறங்கும்போது கியரிலேயே இறங்கு, பனி மூட்டமாக இருந்தால் ஓரமாக நின்று டீ குடி, யாரோடும் போட்டி போடாதே. மேலே சிக்னல் இருக்காதாம். அதைப் பற்றிக் கவலைப்படாதே, நீ போன் பண்ணாத நாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா, இருந்துகொள்வேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கிளம்பும்போது என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பூந்தமல்லி வரைக்கும் போ. பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்குத்தான். அங்கே என்னை இறக்கிவிட்டு நீ உன் வழியில் போய்விடு, நான் பிராட்வே பஸ் பிடித்து வந்துவிடுவேன். இதைச் சொன்னதும் ஜானட் எழுதுவதை நிறுத்திவிட்டு, பிரேக்க பாக்குறதுக்கு நீ இன்னாத்துக்கு மாமா பின்னாடி குந்தணும், அதான் பாயி பாத்துட்டாரே என்கிறாள். சொன்னதை எழுதும்மா என்று சொல்லியிருக்கிறேன்.

மாதாவும் அந்தோணியாரும் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். தலைக்கு எண்ணெய் வை, வேளைக்குச் சாப்பிடு. எனக்காக ஹெல்மெட் எதுவும் வாங்கி வராதே. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உன் பின்னால் உட்கார உன் அம்மா போட்டுக்கொள்வாளே, அந்த மெரூன் ஹெல்மெட் ஆணியிலேயே இருக்கிறது. போட்டுப் பார்த்தேன், எனக்குச் சரியாக இருக்கிறது.

இப்படிக்கு,
வாசலில் வண்டியோடு காத்திருக்கும்
உன் அப்பா சவரிநாதன்
(பெருவிரல் ரேகை)