ஐந்தாம் வார்த்தை

ஏப்ரல் 8, செவ்வாய்

பக்கத்து வீட்டு சந்தியா இன்று இரண்டு தண்ணீர் கேன்களைத் தூக்கி வந்து எங்கள் சமையலறையில் வைத்தாள். "இங்கியே இருக்கட்டும்க்கா. வேணும்றப்போ வந்து எடுத்துக்கறேன்." ஏன் என்று கேட்பதற்குள் போய்விட்டாள். செவிலிமேட்டில் நாங்கள் வீடு கட்டி வந்ததிலிருந்து அடுத்தடுத்த கதவுதான். குடிதண்ணீரை வீட்டில் வைத்துக்கொள்ளாதவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்.

மாலையில் ஆயர் போன் செய்தார். சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளைப் பற்றிப் பெரிய வெள்ளி ஆராதனையில் ஏழு பேர் பேசுவோம் அல்லவா? ஐந்தாவதை, அதுதான் ‘தாகமாயிருக்கிறேன்’ என்பதை, இந்த வருடம் நான் பேச வேண்டுமாம். வழக்கமாக அதைப் பேசும் அப்பாதுரை அண்ணன், தன் மகள் வீட்டோடு போய்விட்டார். "பட்டுக்கடைல நாளெல்லாம் பேசறியேம்மா" என்கிறார் ஆயர். அது புடவையைப் பற்றி!

ஏப்ரல் 10, வியாழன்

மகள் திரிஷாவுக்குக் கோபம். காலேஜ் மூன்று நாள் லீவாம், மாமல்லபுரம் போக வேண்டுமாம். "பெரிய வெள்ளி அன்னிக்கு யாருனா பீச்சுக்குப் போவாங்களாடி?" "அப்போ ஈஸ்டர் அன்னிக்கு?" பார்க்கலாம் என்றேன்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

பார்ப்பவர்களிடமெல்லாம் தாகம் என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர், "மத்தியானத்துல டவுன் பஸ் ஓட்டிப் பாரு, தெரியும்" என்றார். திரிஷா, "போன்ல சார்ஜ் போற மாதிரி" என்றாள். எனக்கு வேறொரு சந்தேகம். இயேசு தாகம் என்றதும் கடற்பஞ்சைப் புளித்த காடியில் தோய்த்து நீட்டினானே ஒருவன், அவன் இரக்கப்பட்டானா, கேலி செய்தானா? அவனைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

சாயங்காலம் சந்தியாவின் கணவர் சிட்டிபாபு அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டிய மனிதர். இரண்டு கிட்னியும் போன பிறகு வண்டியை விற்றுவிட்டார். செவ்வாய், வியாழன், சனி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நாள் முழுவதற்கும் அவருக்கு அளந்து ஊற்றிய கொஞ்சம் தண்ணீர்தான். தயங்கித் தயங்கி அவரிடமும் கேட்டேன்.

"பைப்பு சொட்டற சத்தம் கேட்டாப் போதும், தூக்கத்துலயே எழுந்து உக்காந்துக்குவேன். யாருனா எதிர்ல தண்ணி குடிச்சா அவங்க மூஞ்சியப் பாக்க மாட்டேன் லில்லிமா, தொண்டையத்தான் பாப்பேன். அது ஏறி எறங்குறத." அப்புறம், "குடிக்காத, குடிக்காதன்னுதான் எல்லாரும் சொல்லிக்கினு இருக்காங்க. எப்படி இருக்குதுன்னு நீதான் கேட்ட" என்றார்.

இதைக் கோயிலில் சொல்லலாமா என்று கேட்டேன். பெயரைச் சொல்ல மாட்டேன் என்றேன்.

"பேரச் சொல்லு. யாரோ ஒருத்தன்னா யாருக்கு உறைக்கும்?"

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் பொண்டாட்டி ஜெயிலரும்மா. வீட்ல ஒரு சொட்டு வெக்கல. கல் நெஞ்சு" என்றார்.

ஏப்ரல் 16, புதன்

இன்று கடைக்குக் கிளம்ப லேட்டானதால் வீட்டில் இருந்தேன். சமையலறையில் சத்தம். சந்தியா. சுவரைப் பார்த்து நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சொம்பு முடிந்து இன்னொன்று. ரவிக்கையெல்லாம் நனைந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் திருடியது போல நின்றாள்.

"அவரு எதிர்ல எறங்க மாட்டேங்குதுக்கா. என் தொண்டையவே பாக்கறாரு. அதான் வீட்ல நானும் குடிக்கறதில்ல."

"அவர்கிட்ட சொல்றதுதானே?"

"சொன்னா அதுக்கும் சேத்து அழுவாரு. என்னத் திட்டுனா கொஞ்சம் தெம்பா இருக்கறாரு. திட்டிக்கினு போவட்டும்."

போய்ப் புடவைக்குக் குஞ்சம் முடியும் வேலையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு இன்றைக்கு அப்புறம் கடையில் எந்தப் புடவையைப் பிரித்தேன், எதை மடித்தேன் என்றே தெரியவில்லை.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

சிட்டிபாபு அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டார். "தண்ணியும் குடுக்க மாட்ட, சாவவும் வுட மாட்ட, வேற இன்னாடி வேணும் உனக்கு?" தெருவுக்கே கேட்டது. ரத்தத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் நீர் நெஞ்சுக்கு ஏறும். இது அவருக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் பண்றாரா? ஐயோ, தெரிஞ்சேதான் பண்றாரு.

ராப்போஜன ஆராதனைக்குக் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். முகம் உப்பியிருந்தது. "நாளைக்கு என் பேரச் சொல்லுவ இல்ல? நான் வந்து கேக்கறேன்."

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

இரண்டு தரம் எழுதி அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

இவர்தான் சிட்டிபாபு அண்ணனை பைக்கில் கூட்டி வந்தார். கடைசி வரிசையில், ஃபேனுக்குக் கீழே. சந்தியா வரவில்லை, சாயந்திரத்துக்குள் குஞ்சம் முடித்துத் தர வேண்டிய புடவைகள் இருந்தன. நான்காம் வார்த்தை முடிந்து என்னைக் கூப்பிட்டார்கள். சிட்டிபாபு அண்ணன் சொன்னதை அவர் பெயரோடு சொன்னேன். பைப்பு சொட்டும் சத்தம். தொண்டை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எழுதி வைத்தது அதோடு சரி. இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. சிலுவைக்குக் கீழே நின்றவர்களின் தொண்டையை யாராவது பார்த்தோமா என்று என் வாய் பேசுகிறது. "என் சமையல்கட்டுக்கு ஒரு பொண்ணு வரா. செவுத்தப் பாத்து நின்னு தண்ணி குடிச்சிட்டுப் போறா. வீட்ல தாகமா இருக்கறவரு எதிர்ல அவளுக்கு எறங்கல. அவரு அவளைக் கல் நெஞ்சுக்காரின்னு நெனச்சிக்கினு இருக்காரு."

பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. முடிந்து வெளியே வந்ததும் இவரிடம் ஒன்றுதான் சொன்னாராம்: "ஆனந்தராஜு, வண்டிய நேரா ஆஸ்பத்திரிக்கு வுடு."

உடனே மெஷினில் போட்டார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கஷ்டம் என்றார்களாம்.

நான் செய்தது சரியா? அவள் என்னிடம் சொன்னது ஊருக்குச் சொல்ல அல்லவே.

ஏப்ரல் 19, சனி

சரியில்லை. சந்தியா வந்து வாசலிலேயே நின்றாள். "உன்ன நம்பித்தானேக்கா சொன்னேன்." அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டேன். காதில் விழுந்ததா தெரியவில்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்கால ஆராதனை, பிரியாணி, வந்தவர்கள், போனவர்கள். மனசு பக்கத்துக் கதவிலேயே இருந்தது. மாமல்லபுரத்துக்கு வண்டி ஏறப் போகும்போது சிட்டிபாபு அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். "பாப்பா பீச்சுக்குப் போறோம்னு சொல்லிச்சு. ரெண்டு பேருக்கு எடம் இருக்குதா?" பின்னால் சந்தியா. என்னைப் பார்க்கவில்லை. வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அவர் கடலில் கால் நனைத்தார். "எம்மாந் தண்ணி! அத்தனியும் உப்பு. நல்லதாப் போச்சு, இல்லன்னா காலியாக்கி இருப்பேன்." திரிஷா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் அவரே போய் ஒரு இளநீர் வாங்கி வந்து சந்தியாவிடம் நீட்டினார். அவள் வேண்டாம் என்று பின்னால் நகர்ந்தாள்.

"இங்கியே நில்லு. என் எதிர்லயே குடி."

வாங்கிக்கொண்டாள். அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார், அவள் குடித்து முடிக்கும் வரை.

கொஞ்ச நேரம் கழித்து சந்தியா என்னிடம், "உனக்கும் ஒண்ணு வாங்கட்டுமாக்கா?" என்றாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேற்று சிட்டிபாபு அண்ணன் தனியாகவே ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்.

இன்று சாப்பாட்டுக்குப் பிறகு இவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் தட்டாமல் அண்ணன் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"சத்தத்தக் கொஞ்சம் கொறைச்சுக்கோ ஆனந்தராஜு. சந்தியா தூங்கினு இருக்குது."