பருப்புக் கட்டத்தில் ரசம்

பத்து நாளுக்கு முன், ஒரு புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, பல மாத ஆலோசனைக்குப் பிறகு, ரசம் தண்ணீர்தான் என்று நான் முடிவு செய்தேன். முடிவு உடனே அமலுக்கு வந்தது. உங்களிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். இப்போது கீழ்வீட்டில் யாரோ ரசத்துக்குத் தாளிக்கிறார்கள். பெருங்காய வாசனை ஜன்னல் வழியே வந்து மேஜையருகே நிற்கிறது. அதனால் எழுதுகிறேன்.

செம்பூரில் அந்தச் சிறுநீரக டாக்டரின் காத்திருப்பு அறையில்தான் நாம் பழகினோம். பத்து மணிக்கு வரச் சொல்லிப் பன்னிரண்டரைக்குக் கூப்பிடுவார்கள். தாராவியில் பெல்ட் பட்டறை வைத்திருந்த நீங்களும், மாட்டுங்காவில் ஓய்வு பெற்ற குமாஸ்தாவான நானும் வேறெங்கும் இரண்டரை மணி நேரம் அருகருகே உட்கார்ந்திருக்க வாய்ப்பில்லை. எடை பார்க்குமுன் செருப்பு, போன், சாவிக்கொத்து எல்லாவற்றையும் அகற்றி என்னிடம் கொடுப்பீர்கள். "எடை கூடுனா தண்ணி குடிச்சேம்பாரு சார்வாள்." எனக்கு ஒரு பெல்ட் செய்து தந்தீர்கள். வழக்கத்தைவிட ஆறு துளை அதிகம். "வீங்குனா ஒண்ணு, வத்துனா ஒண்ணு."

நமக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். காபி, மோர் எல்லாம் அதில் அடக்கம். மதராசிச் சாப்பாட்டைப் பற்றி ஒரே தடவையில் விசாரித்துவிடலாம் என்று ஒருநாள் டாக்டர் நம் இருவரையும் சேர்த்து உள்ளே அழைத்து உணவுத் தாளை நிரப்பினார். இட்லி தெரிந்தவருக்கு ரசம் தெரியவில்லை.

"ரசம் மத்லப்? பானி யா தால்?"

தண்ணீரா, பருப்பா என்று கேட்கிறார். நீங்கள் கண் இமைக்கவில்லை. "தால், சாப். பூரா தால்."

ரசம் பருப்புக் கட்டத்தில் ஏறியது. இரண்டு கிண்ணம், தண்ணீர்க் கணக்கில் சேராது. வெளியே வந்ததும், "ஓய், எங்காத்து ரசத்துல பருப்பை டார்ச் அடிச்சுத் தேடணும்" என்றேன்.

"வாயப் பொத்திக்கிட்டு இரும். உமக்கும் சேத்துத்தான் சொன்னேன்."

பொத்திக்கொண்டேன். சிறுநீரகம் பற்றி மூன்று புத்தகம் படித்தவன் நான். அன்று மதியம் இரண்டு கிண்ணம் குடித்தேன். கிண்ணம் என்ற சொல்லுக்கு நீங்கள் இன்னும் தாராளமாகப் பொருள் கொண்டீர்கள். உங்கள் வீட்டில் சொம்பும் கிண்ணம்தான். டாக்டருக்கும் அந்தத் தாள் பிடித்துப்போனது. தமிழ் நோயாளிகளுக்கெல்லாம் அதையே அச்சடித்துக் கொடுக்கச் சொன்னார்.

மழைக்காலத்தில் உங்கள் கால் செருப்பில் நுழையவில்லை. "மழைக்குச் செருப்பு சுருங்கிட்டு சார்வாள்" என்றீர்கள். ரப்பர் செருப்பு மழையில் சுருங்காது என்று எனக்குத் தெரியும். சிரித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் நுரையீரலில் தண்ணீர் கோத்தது. செவ்வாய்க்கிழமை நீங்கள் இல்லை. இவ்வளவு தண்ணீர் எப்படிப் போனது என்று டாக்டர் உங்கள் மனைவியிடம் கேட்டார். தாளில் இருக்கிறபடிதான் கொடுத்தேன் என்றார் அவர். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அது மட்டும்தான் காரணமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. நான்கு மாதம் அப்படியே போனது. களைப்பாக இருந்தது, ரசமும் நன்றாக இருந்தது.

அந்தப் புதன்கிழமை உங்கள் நாற்காலியில் சீத்தா கேம்ப் குடிசைப் பகுதியிலிருந்து வந்த ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். புது நோயாளி. பாதங்கள் செருப்பின் வாருக்கு வெளியே பிதுங்கியிருந்தன. கையில் நம் தாள்.

"தங்கமான டாக்டருண்ணே. தண்ணிய அளந்து வச்சாலும் ரசத்த விட்டுட்டாரு பாருங்க."

என் முறை வந்ததும் உள்ளே போய், உட்காருமுன், ரசம் தண்ணீர் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். சின்ன வயதிலிருந்து என்றேன். என் தாளில் ரசத்தின் மேல் ஒரு கோடு போட்டு, அந்த அம்மாவை உள்ளே அனுப்பச் சொன்னார்.

நான் பஸ்ஸுக்குப் போகாமல் காத்திருந்தேன். அந்த அம்மா வெளியே வந்தார். "ரசத்தையும் அடிச்சுட்டாருண்ணே."

"ஆமாம்மா" என்றேன். நீங்களாக இருந்தால் அவர் சிரிக்கும்படி ஏதாவது சொல்லியிருப்பீர்கள்.

நீங்கள் செய்த பெல்ட்டைத்தான் இன்னும் கட்டிக்கொள்கிறேன். இன்று காலை அது இரண்டு துளை உள்ளே போனது.