ஆளுக்கு ஒரு கைப்பிடி இலை

ஆறாம் நம்பர் லைன்,
அரவேணு வழி.

அன்புள்ள ஆன்சி அப்பாவுக்கு,

பியாட்ரிஸ் எழுதுவது. நீங்கள் அங்கே நல்லபடியாக இருக்க வேண்டுமென்று ஞாயிறு பூசையில் கேட்டுக்கொண்டேன். நாங்களும் இங்கே சுகம் என்று அடுத்த வரியை எழுத வேண்டும். எழுத வரவில்லை. அதனால் விட்டுவிட்டேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நம் வீடு ஒரே அறை. நான் பேசுவதெல்லாம் ஆன்சி காதில் விழும். வெளியே போய்ப் பேசினால் லைன் வீடுகள் முழுக்கக் கேட்கும். அதனால் லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்புகிற பாண்டியராஜ் அண்ணன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். கேம்ப்பில் கூட இருப்பவர்கள் தூங்கிய பிறகு படியுங்கள்.

மழை விடாமல் பெய்கிறது. குழாயடியில் காட்டெருமை வந்து நிற்பதால் பெண்கள் கூட்டமாகத்தான் தண்ணீருக்குப் போகிறார்கள். காளிமுத்து சித்தப்பா வீட்டுப் பின்சுவர் சரிந்துவிட்டது. கம்பெனி ஒரு தகரத்தை அடித்துக் கொடுத்ததோடு சரி. மேலே பழைய பங்களாவுக்கு மட்டும் புது வெள்ளை அடித்திருக்கிறார்கள். அதில் இப்போது டூரிஸ்ட்டுகள் தங்குகிறார்கள். தோட்டத்தைச் சுற்றிக் காட்ட சத்தமே இல்லாத ஒரு பேட்டரி வண்டியும் விட்டிருக்கிறார்கள்.

போன ஞாயிறு போனில் நீங்கள் சொன்னதற்குத்தான் இந்தக் கடிதம். ஆன்சி பேரை மஸ்டரில் போட்டுக் காட்டு வேலைக்கு அனுப்பிவிடு, ஒரு சீசன்தானே, காலேஜ் எங்கேயும் ஓடிப்போகாது, ஊட்டை விட்டுடாதே என்றீர்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்போது சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

என் முட்டி ஆபரேஷன் நன்றாக முடிந்தது, மெதுவாக ஆறிக்கொண்டு வருகிறது என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். முதல் பாதி உண்மை.

போன வருஷ மழையில் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் காட்டில் வழுக்கி, வெட்டிய கட்டை மேல் முட்டி மோத விழுந்தது உங்களுக்குத் தெரியும். டிஸ்பென்சரியில் ஸ்ப்ரே அடித்து, மாத்திரை கொடுத்து, வேலைக்கு அனுப்பினார்கள். அந்த மாத்திரையை முழுங்கியே மாதக்கணக்கில் சரிவில் ஏறி இறங்கினேன். ஃபாதர் விசாரித்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த பிறகுதான் உள்ளே என்ன ஆயிற்று என்று அங்கே டாக்டர் எனக்குச் சொன்னார். எலும்புக்கு மேலே மெத்தை மாதிரி குருத்தெலும்பு இருக்குமாம். அதில் ஒரு இடம் பெயர்ந்து பள்ளமாகிவிட்டதாம். அதற்குள் ரத்த ஓட்டம் கிடையாது, அதனால் தானாக ஆறாது என்றார் டாக்டர்.

முதலில் என் ரத்தத்தையே எடுத்து, மிஷினில் சுற்றி, மஞ்சள் தண்ணீராகப் பிரித்து முட்டிக்குள் ஊசி போட்டார்கள். வலி கொஞ்சம் குறைந்தது. பள்ளம் அப்படியே இருந்தது. பிறகு ஒரு ட்ரஸ்ட் மூலம் ஒரு புதுச் சிகிச்சைக்கு என் பேர் வந்தது. முட்டியில் சின்னத் துளை போட்டு, நல்ல குருத்திலிருந்து நெல் அளவு கிள்ளி எடுத்தார்கள். அதை லேபில் வைத்து வளர்த்தார்கள். வளர்ந்த பிறகு முட்டியைத் திறந்து பள்ளத்தில் வைத்து மூடினார்கள். என் சதை என்னை விட்டுத் தள்ளி எங்கேயோ ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தால், ஆன்சி வயிற்றில் இருந்த நாள் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். நாற்று மாதிரி நினைச்சுக்குங்கம்மா, வேர் பிடிக்கிற வரைக்கும் அசைக்கக் கூடாது, அந்தக் காலை ஊனவே கூடாது, சரிவுப் பக்கம் ஒரு வருஷத்துக்குப் போகவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நர்சரியில் வேலை பார்த்தவளிடம் நாற்றுக் கதை சொன்னால் புரியாமல் போகுமா? நன்றாகவே புரிந்தது.

நான் கட்டிலில் கிடந்தபோது எஸ்டேட்டில் புதுத் துரை ஒரு உத்தரவு போட்டார். லைன் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் பேர் தினமும் மஸ்டரில் விழ வேண்டும், விழாத வீட்டைக் காலி செய்து வடக்கேயிருந்து வந்த ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஆட்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பழைய ஸ்டோரில் எட்டுப் பேரை ஒரே அறையில் அடைத்து வைத்திருக்கிறார்கள், அவர்கள் என்ன செய்வார்கள். டாக்டர் கொடுத்த சீட்டை, மஸ்டர் எடுக்கிற கண்டக்டர் லிங்கசாமியிடம் அனுப்பினேன். மெடிக்கல் லீவு முடிஞ்சு போச்சும்மா, இப்போ மஸ்டர் எல்லாம் போன்தான், காட்டில் நின்னு மூஞ்சியைக் காட்டினாத்தான் அது பேர் எடுத்துக்கும், நான் என்ன பண்றது என்று சொல்லியனுப்பினார்.

அன்று சாயங்காலம் வேலாமணி நம் கேங் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். துரைக்கு உன் மூஞ்சிதானே வேணும், அழகா பவுடர் அடிச்சுக் காட்டிட்டு உட்கார்ந்துக்க, இலையை நாங்க பார்த்துக்கறோம் என்றாள். எல்லோரும் சிரித்தோம். வயிற்றுப் பிள்ளைக்காரி காட்டுக்கு வந்தால் கேங்கில் ஆளுக்கு ஒரு கைப்பிடி இலையை அவள் சாக்கில் போடுவது நம் வழக்கம்தானே. ஆன்சி வயிற்றில் இருந்தபோது எனக்குப் போட்டார்கள். நானும் எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறேன். அதையே முட்டிக்காரிக்கும் செய்வோம் என்று முடிவாயிற்று. அதில் தப்பு இருக்கிறது என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். பிள்ளையை வயிற்றில் சுமப்பவள் நடக்கலாம். முட்டிக்குள் வைத்திருப்பவள் நடக்கக் கூடாது. இவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் ரோட்டோரக் காட்டில்தான் வேலை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள். அரவேணு மாதா தேர் வருது வழிவிடுங்க என்று வேலாமணி கத்துவாள். நாற்காலியிலிருந்தே மூஞ்சியைக் காட்டுவேன். என் சாக்கு தானாக நிறையும். உண்மையைச் சொன்னால் அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அப்புறம் கோடை மழை வந்தது. இலை பறிக்கிற ரவுண்டு கீழே பள்ளத்துக் காட்டுக்கு மாறியது. அங்கே ஒற்றையடிப் பாதைதான், நாற்காலி போகாது. பேட்டரி வண்டியில் பாதி தூரமாவது கொண்டுபோய் விடச் சொல்லி டிரைவர் பையனிடம் வேலாமணி கெஞ்சினாள். அது கெஸ்டுக்கு மட்டும் அக்கா, ஏத்தினா என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க என்றான். நான் ரோட்டிலேயே நிற்கிறேன், இங்கிருந்தே மூஞ்சி எடுக்கட்டும் என்று கேட்டுப் பார்த்தோம். அந்தக் காட்டுக்குள் நின்றால்தான் போன் எடுக்குமாம்.

இறங்கினேன். ஊன்றுகோல் கட்டைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஈர மண்ணில் உட்கார்ந்து, கையை ஊன்றி நகர்ந்து நகர்ந்து இறங்கினேன். மேலே ரோட்டில் ஒரு குடும்பம் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுத்தது. பச்சைத் தோட்டம், கலர் சேலை, நான் தவழ்வது, எல்லாமே அதில் விழுந்திருக்கும். இந்நேரம் யாருடைய போனிலோ நான் இருப்பேன், நீலகிரி அழகு என்று.

காலையில் பேர் விழுந்தது. சாயங்காலம் எடை போடும்போது ஃபீல்டு ஆபீசர் வந்து நின்றார். கைப்பிடி இலை விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. அவங்கவங்க சாக்கை அவங்கவங்கதான் தராசில் வைக்கணும் என்றார். என் முட்டியில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வேலாமணி வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். அவள் பேசியிருந்தால் அவள் பேரும் போயிருக்கும். குனிந்து சாக்கைத் தூக்கினேன். தூக்கும்போது காலை ஊனினேன்.

முட்டிக்குள் டக் என்றது. பெரிய சத்தம் இல்லை. பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளினால் கேட்குமே, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. அன்று முழு நாள் கூலிக்குப் பேர் விழுந்தது.

வீக்கம் வற்றாததால் ஆன்சிதான் பிடிவாதமாக கோயம்புத்தூர் கூட்டிக்கொண்டு போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். வைத்த குருத்து பெயர்ந்து மடங்கிக் கிடக்கிறது, பள்ளம் முன்னைவிடப் பெரிசாகிவிட்டது என்றார் டாக்டர். எத்தனை தடவைம்மா சொன்னேன், எத்தனை பேர் இதுக்காகக் காத்துட்டிருக்காங்க தெரியுமா என்று கோபப்பட்டார். ட்ரஸ்ட் ஒருத்தருக்கு ஒரு தடவைதான் செய்யுமாம். இரும்பு முட்டி வைக்கலாமே என்று ஆன்சி கேட்டாள். அதுக்கு உங்கம்மாவுக்கு வயசு பத்தாது, இன்னும் இருபது வருஷம் தள்ளணும் என்றார். இருபது வருஷத்தை எதில் ஏறித் தள்ளுவது என்று நான் கேட்டேன். நல்ல மனிதர்தான். அவருக்குச் சரிவைத் தெரியாது, அவ்வளவுதான்.

இதைக் கேட்டு நீங்கள் அழுவீர்கள் என்று தெரியும். அழுதுவிட்டு மேலே படியுங்கள். விஷயம் என் முட்டி இல்லை.

போன வாரம் லிங்கசாமி கண்டக்டரே வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அப்போதே புரிந்தது, ஏதோ கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று. ஏனுங்க, பொண்ணுக்குத்தான் பதினெட்டு ஆயிருச்சே, உங்க பேரை எடுத்துட்டு அவ பேரைப் போட்டுட்டா ஊடும் நிக்கும், துரைகிட்ட நான் பேசிக்கறேன் என்றார். இத்தனை வருஷத்தில் எனக்கு முதல் தடவையாக ‘ங்க’ போட்டுப் பேசினார். நான் வாய் திறப்பதற்குள் ஆன்சி, சரிங்க சார் நான் வர்றேன் என்றாள். அழவில்லை. குரல் அப்படியே உங்கள் குரல்.

கோயம்புத்தூர் காலேஜில் அவளுக்குக் கிடைத்த சீட்டுக்கு வருகிற மாதம் போய்ச் சேர வேண்டும். அதற்கு அவள் துணி எடுத்து வைத்திருந்த பையை இப்போது கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறாள்.

ஒரு சீசன்தானே என்கிறீர்கள். என் அம்மாவும் எனக்கு அதைத்தான் சொன்னாள். இந்த மலையில் ஒரு சீசனுக்கு என்று இறங்கி மேலே ஏறியவள் ஒருத்தியை எனக்குக் காட்டுங்கள். இன்றைக்கு அவள் முட்டிக்குள் மெத்தை முழுசாக இருக்கிறது. அதை ஆண்டவர் ஒரு தடவைதான் கொடுக்கிறார். தானாக ஆறாது.

இந்த வீட்டில்தான் நீங்கள் பிறந்தீர்கள். இதை விட்டால் திரும்பி வர எனக்கு எந்த இடம் என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி எனக்கும் வலிக்கிறது. ஆனால் இது நம் வீடு இல்லை. என்றைக்குமே இல்லை. நம் முட்டி இருக்கிற வரைக்கும் இருக்கச் சொன்னார்கள், இருந்தோம். அரவேணுவில் வேலாமணியின் தங்கை வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை காலியாக இருக்கிறது. தேயிலைத்தூள் கடையில் பாக்கெட் ஒட்டும் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது உட்கார்ந்து செய்யும் வேலை. நான் பிழைத்துக்கொள்வேன்.

நான் வேண்டாம் என்றால் ஆன்சி கேட்கவில்லை. நீ சும்மா இரும்மா, அப்பாவே சொல்லிட்டாரு என்கிறாள். உங்கள் ஒரு சொல்லில்தான் நிற்கிறாள். அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். வேறு எதுவும் அனுப்ப வேண்டாம். வர முடியாவிட்டாலும் பரவாயில்லை. படித்து முடித்ததும் அவளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். எனக்காகப் பேசுவது மாதிரி இல்லாமல், நீங்களே யோசித்தது மாதிரி, போடா கண்ணு காலேஜுக்கு, ஊடு போனாப் போகுது என்று சொல்லுங்கள். நான் பக்கத்தில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

இன்று காலையில் என் ரப்பர் பூட்ஸைக் கழுவி, காலில் மாட்டி, வாசலில் நாலு எட்டு நடந்து பார்த்தாள். கடிக்குதா என்று கேட்டேன். இல்லைம்மா, எனக்குன்னே தைச்ச மாதிரி இருக்குது என்று சிரித்தாள்.

அங்கே உங்களுக்கும் சாரத்தில் ஏறி இறங்கும் வேலை. பார்த்து ஏறுங்கள். உங்கள் இரண்டு கால்களையும் ஆண்டவர் பத்திரமாக வைத்திருக்கட்டும். அவள் கால்களை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்,
பியாட்ரிஸ்.