முழங்கால் வலி என்று மட்டும் எழுதினேன்

பனிமய மாதா துணை

ஆஸ்பத்திரி வராந்தா
புதன்கிழமை

அன்பு மகன் அனிஷுக்கு அம்மா எழுதுவது. நீ டப்ளினில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபிக்கிறேன். தூத்துக்குடி வீட்டில் அப்பாவும் இந்த வெளியூர் ஆஸ்பத்திரியில் நானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனசுதான் ஒரு நிலையில் இல்லை. போனில் பேசினால் நீ அழுகிறாய், நீ அழுதால் நான் சொல்ல வந்ததை விழுங்கிவிடுகிறேன், அதனால்தான் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

பாஸ்கல் மாமாவுக்கு இடுப்புக்குக் கீழே இன்னும் உணர்ச்சி வரவில்லை. காற்றழுத்த அறையில் மூன்று தடவை வைத்து எடுத்துவிட்டார்கள். கடலுக்கடியில் மூச்சு வாங்கின காற்று இரத்தத்தில் குமிழியாக நின்றுவிட்டதாம், ஞாயிறு சாயங்காலமே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று டாக்டர் சொன்னார், நாங்கள் திங்கள் காலையில்தானே ஆம்புலன்ஸில் கொண்டுவந்தோம். கிரேசி மாமி, உங்க மவன் கம்பெனி மிசினு தைலம் தேய்க்கச் சொல்லிச்சே மைனி, அதக் கேட்டுத்தான இவுக ராவெல்லாம் படுத்துக் கெடந்தாவ என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். கடலில் முங்கினதை எழுதித்தான் உன் கம்பெனியின் மருத்துவ ஆப்பில் மாமா கேட்டான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நீயோ எல்லாம் என் தப்புதான் என்கிறாய். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ விளக்கினது நினைவிருக்கிறது, ஆப்புக்கு வருகிற கேள்வியை முதலில் ஒரு புரோகிராம் படித்துத் தரம் பிரிக்கும், லேசானதைச் சின்ன ஏ.ஐ. மாடலுக்கும் சிக்கலானதைப் பெரிய மாடலுக்கும் அனுப்பும், சளிக்கும் இருமலுக்கும் பெரியதைக் கூப்பிட்டால் நேரமும் செலவும் வீண், அந்தத் தரம் பிரிக்கிறதைச் செய்ததே நான்தான் என்றாய். ஏலே, இதைத்தானே நான் இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதிக்கொண்டு செய்தேன், இதற்கு டப்ளின் போக வேண்டுமா என்று உன்னைக் கேலி செய்தேன். இப்போது மாமா கேள்விக்கு ‘எளிது’ என்று முத்திரை விழுந்து சின்ன மாடலுக்குப் போயிருக்கிறது, கேள்வியைப் படித்துப் பார்க்க உனக்கு அனுமதியில்லை, முத்திரையை மட்டும் பார்த்துவிட்டு வேலையை விடுகிறேன் என்று எழுதிக்கொடுக்கப் போகிறாய்.

அந்தக் கேள்வியை மாமா எழுதவில்லை மகனே. அவனுடைய போனில் நான்தான் எழுதினேன். ஒரு வாரம் காற்றடித்துக் கலங்கிக் கிடந்த கடல் ஞாயிறன்று தெளிந்துவிட்டது, சங்கு கண்ணுக்குத் தெரியும் என்று பூசை முடிந்ததும் வேற்றூர்ப் படகு ஒன்றில் ஏறிப் போய், மூச்சுக்காற்று வருகிற கம்ப்ரசர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு நாலு தடவை முங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகக் கூடாதென்பது ஊர்க்கட்டுப்பாடு, மீறினவர்களை ஊர்க் கமிட்டியில் நிறுத்திக் கேள்வி கேட்கிறவனே உன் மாமாதான். சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவன் முழங்கால் குத்துகிறது, பாதம் மதமதவென்று இருக்கிறது என்றான். ஆஸ்பத்திரிக்கு வா என்றேன். எக்கா, அங்கன போனா ஊரெல்லாம் தெரிஞ்சிரும், நாள பின்ன கமிட்டியில எம் மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க, மருமவன் ஆப்புல கேளு, கடலுக்குப் போனத மட்டும் எழுதிராத என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நானும் முழங்கால் வலி, வயது நாற்பத்தொன்று, என்ன தைலம் போடலாம் என்று எழுதினேன். கடலையும் எழுதவில்லை, பாதம் மரத்ததையும் எழுதவில்லை. சங்கு குளிக்கிறவன் வலி என்று வந்து நின்றால் எங்கே வலி என்றுகூடக் கேட்காமல் நேரே பெரிய டாக்டரிடம் அனுப்பினவள் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. தம்பி மானம் போகக் கூடாதென்று பார்த்தேன், கால் போய்விட்டது.

ஆனாலும் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சீட்டு எழுதும்போது வருகிறவர்கள் சொல்வதை மட்டும் நான் எழுதினதில்லை, தலைமயிரில் உப்புப் பூத்திருக்கிறதா என்று பார்ப்பேன், கூட வந்தவள் முகத்தைப் பார்ப்பேன். உன் மிசினுக்குக் கண்ணில்லை. வெட்கப்படுகிறவர்கள் கேள்வியைச் சின்னதாகத்தான் எழுதுவார்கள், சின்னதாக இருப்பதெல்லாம் லேசானது என்று அது எடுத்துக்கொள்ளக் கூடாது. என்ன வேலை செய்கிறீர்கள், இன்றைக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டுவிட்டு அப்புறம் தரம் பிரிக்கச் சொல். அப்படிக் கேட்டிருந்தால் நான் பொய் எழுதியிருப்பேனா என்று நேற்றெல்லாம் யோசித்தேன். எழுதியிருக்க மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை.

வேலையை விடாதே, எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போடு. உன் மேலதிகாரிக்கு இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டுமென்றால் தாராளமாகக் காட்டு. சாப்பிடாமல் கிடக்காதே, மாமாவுக்காக ஒரு செபமாலை சொல்லு. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாள். மாமி பேசினதற்குக் கோபப்படாதே, அவள் உன்னைத் திட்டத் திட்ட மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவள் நான். அவள் இதே பெஞ்சின் அந்த முனையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இதை உனக்கு அனுப்பிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து இதையே அவளுக்கும் சொல்லப் போகிறேன்.

உன் அம்மா
அல்போன்சா