ஆறாவது இறகு

மார்ச் 4
இன்று பதினொரு கதிர்க்குருவிகளை அளந்தேன். எல்லாம் செத்து நாற்பது வருடம். பஞ்சடைத்து அருங்காட்சியக இழுப்பறையில் மல்லாந்து கிடப்பவை. கருங்கால், வெளிர்கால் என்று இரண்டு இனம். பெற்றவளே குழம்புவாள். உயிரோடிருந்தால் பாட்டு காட்டிக்கொடுக்கும். செத்தபின் இறக்கையின் ஆறாவது இறகுதான் சாட்சி: நுனியருகே ஒடுங்கினால் கருங்கால், இல்லையென்றால் வெளிர்கால்.

மார்ச் 9
கணவர் தன் புத்தகத்துக்காகக் கால் நிறத்தை மட்டும் பார்த்து இழுப்பறையிலிருந்த முப்பத்திரண்டையும் பிரித்துவிட்டார். காய்ந்தால் வெளிர்காலும் கறுக்கும், ஏழு பறவை தப்பு என்றேன்.

"பேரே கருங்கால். அப்புறம் காலைப் பாக்காம எதைப் பாக்கறதாம்?"

"இறகை."

"நீ அளந்து குடும்மா, போதும். முடிவு பண்ண நான் இருக்கேன்."

இருக்கிறார். அதுதான் சங்கடம்.

மார்ச் 10
மறுபடி சொன்னேன். மறுபடியும் இருந்தார்.

ஜூன் 2
புத்தகம் வந்துவிட்டது. நன்றியுரையில் நான்: "சலிக்காமல் காப்பி போட்டுத் தந்த மனைவிக்கு." பதினாறு வருடம், நாலாயிரம் இறக்கை. காப்பி நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

ஜூன் 20
வெளியீட்டுக் கூட்டம். பறவை பார்க்கும் பல் டாக்டர் ஒருவர் எழுந்தார். "சார், பன்னிரண்டாவது படம் கருங்கால்னு போட்டிருக்கீங்க. ஆறாவது இறகு ஒடுங்கவே இல்லையே?"

இவர் அசரவில்லை. "அளவெல்லாம் என் வொய்ஃப் எடுத்தது. எங்கயோ தப்பா எழுதியிருப்பா."

சபை சிரித்தது. நானும் சிரித்தேன் — ஏன்டி சிரிச்சே? வாயில என்ன கொழுக்கட்டையா?

ஜூன் 21
தங்கை போனில்: "விடுக்கா. ரெண்டும் குருவிதானே."

ஜூலை 15
புத்தகத்துக்குள் பிழைதிருத்தத் தாள் செருகியிருக்கிறார்கள். "அளவீட்டுப் பிழைகளுக்குப் பொறுப்பு" என்று என் பெயர். அச்சில் முதல்முறை. முன்னால் அவருடைய இனிஷியல்.

செப்டம்பர் 8
முப்பத்திரண்டு இறக்கைகளையும் கட்டுரையாக்கி ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தேன். அதன் ஆசிரியர் கூப்பிட்டார். போடுகிறார்களாம்.

"ஒரு சந்தேகம் மேடம். அந்தத் திருத்தத் தாள்ல உங்க இனிஷியல் வேறயா இருக்கு. எது பிழை?"

"அது வீட்டுக்காரரோடது. இது எங்கப்பாவோடது."

"எதைப் போடட்டும்?"

"நான் அனுப்பினதை."

நான் குடிவந்த புது அறையில் டம்ளர் ஒன்றுதான். காப்பி போட்டேன். சுமார்தான்.