ஆடியில் தொடங்கிய இருமல்

என் பாசத்திற்குரிய மாப்பிள்ளை சிவஞானத்திற்கு,

தாங்கள் மறைந்து இன்றோடு ஓராண்டு. திதி சென்ற வாரமே வந்துபோயிற்று. ஆங்கிலத் தேதி இன்றுதான். எது கணக்கு என்று தங்கை கோமதி கேட்டாள். இரண்டும்தான் என்றேன். திதியில் படையலிட்டோம், தேதியில் இதை எழுதுகிறேன்.

டெல்லியில் நம் மாயாபுரிப் பட்டறை ஓடுகிறது. கடினப்படுத்திய எஃகுத் தகடுகளில் துளையிடும் வேலைதான் இன்னமும் அதிகம். சாதாரண ட்ரில் அதில் கிறீச்சிட்டு நுனி கருகிவிடும் என்பதால் எஃகைவிடக் கடினமான முழுக் கார்பைடு ட்ரில்லையே வாங்குகிறேன். தாங்கள் வகுத்த முறையில் இம்மியும் மாற்றமில்லை. ஆழத்துக்குப் போதுமானவற்றில் மிகக் குட்டையானதையே தேர்ந்தெடுக்கிறேன். ஆட்டமில்லாத பிடியில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். குளிர்நீரை விட்டு விட்டு ஊற்றினால் சூட்டில் விரிசல் விழும் என்பதால், ஊற்றினால் இடைவிடாமல், இல்லையேல் ஒரு சொட்டும் இல்லை. இத்தனைக்குப் பிறகும் ஒடியத்தான் செய்கிறது. கார்பைடுக்கு வளையத் தெரியாது.

ஒடிந்ததை எறியத் தங்களுக்கு மனம் வந்ததே இல்லை. மூலையில் இருந்த வைரச் சாணையில் முனை பிடித்து மறுபடி உயிர் கொடுப்பீர்கள். அதுவும் உலர்வாக. தண்ணீர் விட்டால் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது என்பீர்கள். மாலையில் கோமதி தங்கள் சட்டையை உதறும்போது சாம்பல் நிறத்தில் பறக்கும் தூசியைச் சமையலறை விளக்கொளியில் பார்த்திருக்கிறேன். நம் எல்லாருக்கும் அது வெறும் அழுக்கு.

தங்கள் இருமலை மருத்துவமனையில் 'தீபாவளியை ஒட்டித் தொடங்கியது' என்று குறித்தார்கள். நான் அங்கேயே மறுத்தேன். யமுனைக் கரையில் தர்ப்பணம் முடித்து எழுந்தபோது தாங்கள் முதன்முதலில் இருமியது ஆடி அமாவாசையன்று. மழை கழுவிவிட்ட வானம், தீபாவளிக் காலத்துப் புகையின் சுவடே இல்லை.

"மச்சான் பஞ்சாங்கத்தைப் பிரிச்சிட்டாரு" என்று டாக்டர் முன்னால் சிரித்தீர்கள். "டெல்லில இருமாதவன் எவன் மச்சான்? ராஷ்டிரபதி பவன்லயும் இருமிக்கிட்டுத்தான் கிடப்பாவ."

எல்லாரும் சிரித்தோம். பழி காற்றின்மேல் விழுந்தது. இந்த ஊரில் காற்றின்மேல் பழி போட்டால் யார் எதிர்த்துக் கேட்கப்போகிறார்கள்?

இனி, எழுதக் கை வராத செய்தி. தாங்கள் போன மறுமாதமே கோமதி அந்தச் சாணையின் முன் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நின்று பார்த்தே கற்றிருந்தாள் போலும். அவள் தீட்டிய முனை சுத்தமாகத்தான் இருந்தது. ஆவணி பிறந்ததும் இருமத் தொடங்கினாள். ஆவணியில், மாப்பிள்ளை! அடைமழை நாளில்!

"ஏம்மா, இது எந்தப் புகையால வந்த இருமல்?" என்று கேட்டேன்.

"டெல்லில யாருக்குண்ணே இருமல் இல்ல?" என்றாள். தங்களுடைய அதே பேச்சு, அதே சிரிப்பு.

வேறொரு மருத்துவமனைக்கு இழுத்துப்போனேன். அங்கிருந்த பெண் டாக்டர், தங்கள் இருவருக்கும் இருமல் தொடங்கிய மாதங்களைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "வேலையில எதையாவது அரைக்கிறீங்களாம்மா?" என்றார். தங்களிடம் ஒருவரும் கேட்காத கேள்வி. கார்பைடு துகள்களை ஒட்டவைக்கும் கோபால்ட், தூசியாக உள்ளே போனால் சிலருடைய நுரையீரலைத் தழும்பாக்கிவிடுமாம். கோமதியின் நெஞ்சுப் படத்தில் தழும்பு தொடங்கியிருக்கிறது. இப்போதே விலகினால் நிற்க வாய்ப்புண்டு, தொடர்ந்தால் இல்லை. தங்களைக் கொன்றது அதுதானா? உறுதிசெய்ய இனி வழியில்லை என்றார். தங்கள் கடைசி மாதத்தை நான் அருகிலிருந்து பார்த்தவன். எனக்கு உறுதி வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் பட்டறைக்குப் போனால், கோமதி மீண்டும் அதே முக்காலியில்.

"என்னை என்னண்ணே செய்யச் சொல்லுதீக? இந்தச் சக்கரம் சுத்துனாத்தான் அவுக இந்தா இருக்காவன்னு இருக்கு. நிறுத்துனா பட்டறையே வெறிச்சுன்னு ஆயிருது."

மின்சாரத்தை அணைத்தேன். ஸ்பானரை எடுத்துச் சக்கரத்தைக் கழற்றினேன். என் வயதுக்கு அந்த நட்டு எளிதில் இளகவில்லை. கோமதி சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தடுக்கவில்லை, உதவவும் இல்லை. பைக்குள் சக்கரத்தை வைத்தபோது, ஒடிந்த ட்ரில்கள் கிடந்த டப்பாவைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தாள்.

"இதையும் கொண்டு போயிருங்க. கண்ணுல பட்டா கை சும்மா இருக்காது."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, நெடுநேரம் இருமினாள்.

தங்கள் பொருளைத் தங்களைக் கேளாமல் எடுத்துவந்தது முறையன்று. ஜனக்புரி வீட்டில் என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. நான் உள்ளவரை அந்தச் சக்கரம் அங்கேயே கிடக்கும். கோமதி கெஞ்சினாலும் தரமாட்டேன். ஒடிந்தது ஒடிந்ததாகவே இருக்கட்டும். தங்களிடம் வந்து சேர அவளுக்கு ஒரு நாள் இருக்கும். அது இப்போதைக்கு வராதிருக்க, என்னால் இயன்ற அனைத்தையும் செய்வேன். அதுவரை தாங்கள் பொறுத்திருக்க வேண்டும், மாப்பிள்ளை.

கோமதியின் அண்ணனும்
தங்கள் மைத்துனனுமாகிய
நெல்லையப்பன்