மேலே சாத்தப்படும் கதவு

1994 ஒக்ரோபர் 28, வெள்ளி

இன்றும் மேலே கதவு சாத்தினார்கள். எண்ணெய் காயும்வரை சத்தமே இல்லை. பாரைத் துண்டைச் சட்டியில் போட்டதும் டப்பென்று ஒரு சாத்து. போன வெள்ளியும் இப்படித்தான். எனக்கு வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது, மீன்தான். அது வேதக்காரன், கத்தோலிக்கனின் விரதம். அவர்களுக்கு வெள்ளி என்றால் சைவம். ஒரே வீட்டில் இரண்டு விரதம், ஒன்று மேலே, ஒன்று கீழே.

வீட்டுக்காரர் அருள்நாயகம் அண்ணை ரக்சி ஓடுகிறார். நல்ல மனுசன் என்றுதான் இந்த மல்வேர்ன் பக்கத்துத் தமிழர் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படி எல்லோரும் சொல்வதே எனக்குப் பிடிக்கவில்லை. ஊரில் இருக்கிற என் மனைவி இமெல்டாவுக்கு விசா சரிவந்துவிட்டது, டிசம்பர் பதினேழு வருகிறாள் என்று அவரிடம் இன்று சொன்னேன். "நல்லது, வரட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தார். ஏன் நிலத்தைப் பார்க்க வேண்டும்? ஒரு ஆளுக்கென்று வாடகைக்கு விட்ட பேஸ்மென்ற், இந்த நிலக்கீழ் அறையில் இரண்டு பேராகப் போகிறது. அதுதான் யோசனை.

ஐந்து வருடம் கழித்து வருகிறாள். தொய்வுக்காரி. குளிர் பட்டால் மூச்சு இழுக்கும். இந்த அறை சூடாக இருக்க வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

நவம்பர் 4, வெள்ளி

மலர் அக்கா, அருள்நாயகம் அண்ணையின் மனைவி, படியில் நின்று கூப்பிட்டார். உள்ளே வரவில்லை.

"தம்பி அகஸ்ரின், குறை நினைக்காதையும். இண்டைக்குக் கந்தசஷ்டி தொடக்கம். மீன் மணம் சாமியறைக்குள்ள வருது. இந்த ஆறு நாளும் கொஞ்சம் பாரும்."

குறை நினைக்காதையுமாம்! வேறு எதை நினைக்கிறது? மீன்பிடி ஊரான பாசையூரில் பிறந்தவன் மணப்பான் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

சரி, அவர்களுக்கு மணம் வரக்கூடாது, அவ்வளவுதானே. எங்கால் போகிறது என்று பார்த்தேன். என் அடுப்புக்குப் பக்கத்தில்தான் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் இருக்கிற சின்ன அறை. அதன் கதவு, பலகைச் சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கிச் செய்தது. அந்த இடைவெளியால் புகுந்து, குழாய் வழியாக மேலே ஏறுகிறது. குப்பைப் பையை வெட்டி கதவு முழுக்க ஒட்டுநாடா ரேப்பால் ஒட்டினேன். அதற்கு மேல், உடுக்கவென்று இமெல்டா அனுப்பிய நீலக்கட்டச் சாரத்தை மடித்து இறுக்கிக் கட்டினேன். ஜன்னல் ஓரத்துக்கும் ரேப். ஒரு ஈ போகாது.

பிறகு மீன் பொரித்தேன். மேலே கதவு சாத்தவில்லை. வென்றுவிட்டேன்.

நவம்பர் 12, சனி

கந்தசஷ்டி முடிந்துவிட்டது. சாரத்தைக் கழற்றப் போய், விட்டுவிட்டேன். அடுத்த கிழமை பிள்ளையார் கதை தொடங்குமாம், அது முடிய திருவெம்பாவை. அவர்களுக்கு விரதம் ஓயாது. ஒவ்வொரு முறையும் படியில் வந்து நின்று "குறை நினைக்காதையும்" என்று கேட்க வைக்கவேண்டுமா? கிடக்கட்டும்.

நவம்பர் 17, வியாழன்

குளிருகிறது. ஃபேர்னஸ் தொடங்குகிற சத்தம் கேட்கிறது, கொஞ்ச நேரத்தில் அடங்குகிறது. திரும்பத் தொடங்குகிறது, திரும்ப அடங்குகிறது. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி மேலே அவர்களின் சுவரில் இருக்கிறது. யாரோ நின்று நிறுத்துகிறார்கள். வேறென்ன?

வேலையிடத்தில் இரத்தினவேலிடம் சொன்னேன். நானும் அவனும் பேக்கரியில் பாண் சுடும் போறணைக்கு முன்னால் ஒன்றாக நிற்கிறவர்கள். "உது எல்லா வீட்டிலயும் நடக்கிறதுதான் மச்சான். வீட்டை விட்டு ஆளை எழுப்பவேணுமெண்டால் வாயால சொல்லமாட்டாங்கள். சூட்டைக் குறைச்சு விடுவாங்கள்" என்றான்.

நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் இன்னொருவன் வாயால் கேட்டபிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நவம்பர் 20, ஞாயிறு

கேட்டேவிட்டேன். சேர்ச்சில் பூசை முடிந்து வரும்போது மலர் அக்கா கதவடியில் நின்றார். வீட்டுக்குள்ளே ஜக்கெற், தலையில் கம்பளித் தொப்பி.

"கீழ சரியான குளிர் அக்கா."

"மேலயும் அப்பிடித்தான் தம்பி. என்ன கோதாரியோ தெரியேல்லை."

தொப்பியாம்! எனக்குக் காட்டப் போட்டது. நான் வருகிற நேரம் பார்த்துப் போட்டிருக்கிறார்.

நவம்பர் 24, வியாழன்

இரத்தினவேல் ஒரு மின்சார ஹீற்றர் தந்தான். வயரில் கறுப்பு ரேப் சுற்றியது. வீட்டு வயர் பழையது, ஹீற்றர் வைக்கக்கூடாது என்று அருள்நாயகம் அண்ணை நான் குடிவந்த அன்றே சொல்லியிருந்தார். ஆனால் சூட்டை நிறுத்துகிறவர் சட்டம் பேசலாமா? போட்டேன். கம்பி சிவந்து, கால் கொஞ்சம் உயிர்த்து வந்தபோது வீடு முழுக்க இருண்டுவிட்டது. மேலிருந்து அவர் இறங்கி வருகிற சத்தம். ஹீற்றரைக் கழற்றி அப்படியே கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, கதவைச் சங்கிலியோடு திறந்தேன்.

"ஃபியூஸ் போயிட்டுது தம்பி. ஏதும் போட்டனீரோ?"

"இல்லை அண்ணை."

அவர் மூக்கை உறிஞ்சினார். "ஏதோ கருகுது."

"பாண் சுட்டனான் அண்ணை."

இருட்டில், மின்சாரம் இல்லாமல், பாண் சுட்டேனாம். அவர் கதவு இடைவெளியால் உள்ளே எட்டிப் பார்த்தார். "ஒருக்கா உள்ள வந்து ஃபேர்னஸைப் பாக்கவேணும்" என்றார். நாளைக்கு என்று சொல்லிச் சாத்தினேன். ஃபேர்னஸ் ஒரு சாட்டு. கட்டிலுக்குக் கீழேதான் பார்க்க வந்தார்.

திரும்பிப் பார்த்தால் இருட்டில் கட்டில் விரிப்பின் ஓரம் சிவந்து புகைகிறது. தண்ணீரை ஊற்றினேன். ஒரு சொட்டு நேரம் கூடியிருந்தால் வீடு பத்தியிருக்கும்.

நவம்பர் 26, சனி

ஹீற்றரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி நெருப்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். ஜன்னலுக்குப் பிளாஸ்ரிக் ஒட்டினேன். யாரோ தெருவில் போட்ட கம்பளத்தை இழுத்துவந்து சீமெந்துத் தரையில் விரித்தேன். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளி, இடையில் மட்டைப் பெட்டிகளை நிறுத்தினேன். படுக்கும்போது போத்தலில் சுடுதண்ணீர், காலுக்கு இரண்டு சோடி மேசு. கதவின் அடி இடைவெளிக்கு ஒரு துவாய். குளிர் வர ஒரு ஓட்டை விடவில்லை. பரவாயில்லை, கொஞ்சம் சூடு தெரிகிறது.

நவம்பர் 29, செவ்வாய்

பின்னேரம் ஒரு வெள்ளைக்காரன் நீலச் சட்டையுடன் கையில் பெட்டி வைத்துக்கொண்டு கதவைத் தட்டினான். நான் திறக்கவில்லை. ஜன்னல் பிளாஸ்ரிக்குக்குப் பின்னால் நின்று அவன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் அனுப்பினார்கள், எதற்கு? அறையை அளந்து வேறு ஆளுக்குக் கொடுக்கவா? போய்விட்டான்.

டிசம்பர் 3, சனி

தலையிடி. காலையில் எழும்பும்போதே மண்டை கனக்கிறது. வேலைக்குப் போனால் விட்டுவிடுகிறது, வீட்டுக்கு வந்தால் திரும்பப் பிடிக்கிறது. அப்படியானால் காரணம் இந்த வீடுதான். மேலே காலையும் மாலையும் சாம்பிராணி போடுகிறார்கள். குழாய் வழியாக என் மீன் ஏறுமென்றால் அவர்களின் புகை இறங்காதா? ஆனால் நான் போய் படியில் நின்று கேட்கவில்லையே.

டிசம்பர் 8, வியாழன்

பிள்ளையார் கதை முடிந்ததென்று மேலிருந்து மோதகம் வந்தது. கோப்பை நிறைய. கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். ஆளை எழுப்ப நினைக்கிறவர்கள் மோதகம் ஏன் அனுப்புகிறார்கள்? உண்மையைச் சொன்னால் பயமாக இருந்தது. குப்பையில் போட்டேன். போட்ட பிறகு வெட்கமாக இருந்தது. தலையிடி மட்டும் அப்படியே இருக்கிறது.

டிசம்பர் 13, செவ்வாய்

மலர் அக்காவைப் படியில் கண்டேன். முகம் வாடிப்போயிருந்தது. மகள் நிலக்சிக்குச் சுகமில்லையாம்.

"நெடுகத் தலையிடி தம்பி, ரண்டு தரம் சத்தியும் எடுத்திட்டாள். பள்ளிக்கூடத்தில நல்லா இருக்கிறாள், வீட்டை வந்தால்தான் வருது."

என் மீனால்தான் என்று சொல்ல வருகிறார். பிள்ளையின் பெயரில் சொல்கிறார். "டொக்ரரிட்டைக் காட்டுங்கோ அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

டிசம்பர் 17, சனி

வந்துவிட்டாள். மெலிந்துவிட்டாள். அருள்நாயகம் அண்ணை தன் ரக்சியிலேயே கூட்டிவந்தார், காசு வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை?

டிசம்பர் 18, ஞாயிறு

விடியும்போது இமெல்டா கட்டிலில் எழும்பி இருந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். தலை சுற்றுகிறது என்றாள். நான் போர்வையோடு ஓடினேன். "போர்வை வேண்டாமப்பா, எனக்குக் காத்துத்தான் வேணும்!" என்று கத்திவிட்டு, நான் பார்த்துப் பார்த்து ஒட்டிய ஜன்னல் பிளாஸ்ரிக்கைப் பிய்த்து எறிந்தாள். பனிக்காற்று முகத்தில் அடித்தது. அவளுக்குக் குளிர் ஆகாது என்று ஒன்றரை மாதம் பாடுபட்டேன், அவள் குளிருக்குள் தலையை நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள்.

கொஞ்சம் தேறியதும் அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஃபேர்னஸ் கதவடியில் நின்றுவிட்டாள்.

"உது நான் அனுப்பின சாரமெல்லே? கதவுக்கு உடுத்தி விட்டிருக்கிறியள்?"

கழற்றினாள். பின்னால் இருந்த பிளாஸ்ரிக்கையும் இழுத்துக் கிழித்தாள். எண்ணெயும் தூசியும் ஏறின சாரத்தைத் தோய்த்து, குளியலறையில் காயப்போட்டாள்.

பின்னேரம் ஃபேர்னஸ் தொடங்கியது. நான் அடங்கும் அடங்கும் என்று காத்திருந்தேன். அது அடங்கவில்லை. குழாயிலிருந்து சூடு வந்துகொண்டே இருந்தது. மேலே அவர்கள் மனம் மாறிவிட்டார்கள் என்று நினைத்தேன். இமெல்டாவைக் கண்டு இரக்கப்பட்டிருப்பார்கள் என்று.

டிசம்பர் 19, திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

அதே நீலச் சட்டைக்காரன் வந்தான். இமெல்டா கதவைத் திறந்தாள். காஸ் கொம்பனிக்காரனாம். பிள்ளைக்குத் தலையிடியும் வீட்டில் குளிரும் விடாததால் அருள்நாயகம் அண்ணை இரண்டாம் தரம் கூப்பிட்டிருக்கிறார். முதல் தரம் நான் திறக்கவில்லை. அவன் முழங்காலில் நின்று ஃபேர்னஸுக்குள்ளே பார்த்தான். பிறகு கதவின் ஓரத்தில் ஒட்டியிருந்த ரேப் துண்டை நகத்தால் உரித்துக் காட்டி, இது என்ன என்று கேட்டான். அருள்நாயகம் அண்ணை முகம் வெளிறி நின்றார். தமிழில் மெல்லச் சொன்னார்.

"இந்தக் கதவை மூடினால் நெருப்புக்குக் காத்து இல்லையாம். புகை வெளிய போகாமல் வீட்டுக்குள்ள திரும்புமாம். அதாலதான் தானே நிண்டு நிண்டு போயிருக்காம். அந்த நச்சுக் காத்துக்கு மணமும் இல்லையாம் தம்பி. நித்திரையிலயே..."

அவர் முடிக்கவில்லை. மலர் அக்கா நிலக்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியில் நின்றார். யார் மூடியது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"நான்தான்" என்றேன். "உங்கட சாமியறைக்கு மணம் வரக்கூடாதெண்டு."

மலர் அக்கா என்னைப் பார்த்தார். கோபிக்கவில்லை.

"நான் கேட்டது ஆறு நாளுக்கல்லோ தம்பி. சட்டியைக் கொஞ்சம் மூடிப் பொரியுமெண்டுதான் கேட்டனான்."

நிலக்சிக்கு ஆறு வயது. அவளுக்குத் தலையிடி என்றபோது என் மீனைக் குறை சொல்கிறார்கள் என்று நினைத்தேன். என் மீன் இல்லை. நான். கடவுளே, அந்தப் பிள்ளை செத்திருந்தால்? இமெல்டா ஐந்து வருடம் காத்திருந்து இந்த அறைக்குள் வந்து ஒரே இரவில் போயிருந்தால்?

டிசம்பர் 20, செவ்வாய்

பேசாமல் வேறு அறை பார்க்கலாம் என்று இமெல்டாவிடம் சொன்னேன். "முதல்ல மேல போய் அந்தப் பிள்ளையைப் பாத்திட்டு வாங்கோ" என்றாள்.

டிசம்பர் 21, புதன்

போனேன். தோடம்பழம் கொண்டுபோனேன். நிலக்சி நிலத்தில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். தலையிடி இல்லையாம். அருள்நாயகம் அண்ணை தேத்தண்ணி தந்தார். போவதா நிற்பதா என்று நான் இழுக்க, "நான் உம்மை எழுப்ப நினைக்கேல்லை" என்றார். "நீர் ஜன்னலைத் திறந்துவிட்டு வீட்டுச் சூட்டை வெளிய விடுறீரெண்டு ஒரு மாதமா நான் மலரோட சண்டை." முதல் தடவையாக இருவரும் சிரித்தோம். அவருக்கும் என்னைப்போல ஒரு புத்தி இருந்திருக்கிறது, எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மோதகம் பிடித்ததா என்று மலர் அக்கா கேட்டார். நல்ல ருசி என்றேன். குப்பையில் போட்டதை மட்டும் சொல்ல முடியவில்லை.

டிசம்பர் 23, வெள்ளி

காலையில் மலர் அக்கா இமெல்டாவிடம் சொல்லிவிட்டுப் போனாராம்: "சட்டி வைக்கேக்க ஒரு குரல் தாங்கோ."

ஃபேர்னஸ் கதவில் கையை வைத்துப் பார்த்தேன். இப்போது தினமும் பார்க்கிறேன். உள்ளே காற்று இழுபடுவது விரலில் தெரிகிறது. ஜன்னலுக்குத் திரும்பப் பிளாஸ்ரிக் ஒட்டினோம், காஸ்காரன் அது பரவாயில்லை என்று சொன்னபடியால். கம்பளமும் மட்டைப் பெட்டியும் சுடுதண்ணிப் போத்தலும் இருக்கின்றன. ஃபேர்னஸ் ஓடுகிறது. இமெல்டா மேசு இல்லாமல் நடக்கிறாள்.

பாரைக்கு உப்பும் தூளும் பிரட்டிவிட்டுப் படியடிக்குப் போய் நின்றேன். கூப்பிடக் கூச்சமாக இருந்தது.

"மலர் அக்கா, மீன் பொரிக்கப் போறன்!"

"ஓம் தம்பி, பொரியும்!"

மேலே கால் சத்தம் நடந்து போனது. பிறகு சாமியறைக் கதவு டப்பென்று சாத்தப்பட்டது. நான் எண்ணெயை விட்டேன்.